டூப்ளிகேட் காரும் ஒரிஜினல் கைப்பிடியும்

ஆபீசுல ஆணி புடுங்குறதுதான் நம்ம தொழில்னு உங்க எல்லாருக்கும் தெரியும். நிஜமாவே ஒரு ஆணியை அடிச்சு, அதனால ஓடுற கார்லேர்ந்து வெளிய விழப் பார்த்த கதை இது. மொக்கைதான், ஆனா எனக்கு இன்னும் வயித்தைப் பிசையுது.

நாங்க இருக்கறது கலிஃபோர்னியா, சான் ஹோசே. பக்கத்து வீட்ல ஒரு பெரியவர். எழுபத்திச் சொச்சம் வயசு, ஆயுசு முழுக்க லேத்துல நின்னு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இந்த ஊர் வழக்கப்படி பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். நமக்குத்தான் வாய் வராதே! அதனால நேர்ல 'சார்', வீட்டுக்குள்ள தங்கமணிகிட்ட 'தாத்தா'.

தாத்தாவோட ஷெட்ல ஒரு வெள்ளை போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் நிக்குது. முதல் தடவை பார்த்தப்போ வாயைப் பொளந்துட்டேன். "பதறாதே, டூப்ளிகேட்"னு சிரிச்சார். அடியில பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட தரைத்தட்டு, பின்பக்கம் காத்துலயே குளிர்ற நாலு சிலிண்டர் பீட்டில் இன்ஜின், மேல ஃபைபர்கிளாஸ் கூடு. அவ்ளோதான்.

அசல் ஸ்பீட்ஸ்டர் 1954ல வந்தது. அமெரிக்காவுல போர்ஷே இறக்குமதி பண்ணிட்டிருந்த மாக்ஸ் ஹாஃப்மன், விலை கம்மியா ஒண்ணு வேணும்னு நச்சரிச்சு வாங்கின மாடல். 3,000 டாலருக்குக் கொஞ்சம் கீழ வித்தாங்க. விலையைக் குறைக்கணும்னு கதவுல கண்ணாடி ஏத்தி இறக்குற வசதியைக் கூட எடுத்துட்டாங்க. சிக்கனத்துக்குப் பொறந்த அந்தக் காரை இன்னிக்கு வாங்கணும்னா லட்சக்கணக்குல டாலர் வேணும். அதான் நகல்.

ஆனா நகல்னு ரொம்ப இளக்காரமாவும் சொல்லிட முடியாது. பீட்டிலை வடிவமைச்ச ஃபெர்டினாண்ட் போர்ஷேவோட பையன் ஃபெர்ரி, 1948ல ஆஸ்திரியாவுல முதல் 356ஐ உருவாக்கினப்போ, அதுலயும் பீட்டில் பாகங்கள்தான் நிறைய. அந்தக் கணக்குல தாத்தாவோட வண்டி அம்மா வீட்டுக்கே திரும்பிப் போன மாதிரி :-)

தாத்தாவுக்கு ஒரே ஒரு குறை. கதவை உள்ளேர்ந்து திறக்க, முன்னாடி வச்சிருந்தவர் ஒரு கம்பி வளையத்தை மாட்டி விட்டிருந்தார். இழுத்தா திறக்கும். "காரை வெளிய நின்னு பாக்கறவன் கண்ணால பாக்கறான். உள்ள உக்கார்றவன் கையாலதான் பாக்கறான்"னு சொல்லி, பழைய சாமான் சந்தையில அலைஞ்சு பீட்டிலோட ரெண்டு பழைய கைப்பிடிகளை வாங்கிட்டு வந்தார். குரோம் அங்கங்க பொரிஞ்சு போயிருந்தாலும் கையில வச்சா நல்ல கனம்.

ஒரு சனிக்கிழமை வேலையில இறங்கினோம். டிரைவர் பக்கம் அவர், எதிர்ப்பக்கம் நான். விஷயம் சிம்பிள். பூட்டுலேர்ந்து ஒரு சதுரக் கம்பி வெளிய நீட்டிட்டிருக்கும், அதுல கைப்பிடியைச் சொருகணும். ரெண்டுலயும் ஓட்டை இருக்கு. பின்னாடி இருக்கற வட்டத்தகட்டைக் கதவுப் பக்கமா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஓட்டைக்குள்ள ஒரு பின்னைத் தள்ளணும். தகட்டை விட்டா ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ளி பின்னை மறைச்சுடும்.

ஆனா அசல் பீட்டில்ல இருந்த கதவா இது? ஃபைபர்கிளாஸ், அதுமேல அட்டை, அதுமேல ரெக்சின்னு தடிமனா இருந்துச்சு. கம்பி போதுமான அளவு வெளிய வரல. அட்டையை வட்டமா வெட்டி எடுத்து, தகடு உள்ள அமுங்கற மாதிரி பள்ளம் பண்ணவே மத்தியானம் ஆயிடுச்சு. பழைய பின்னையும் காணோம். ஒரு ஆணியை அளவா நறுக்கி, முனையை அரத்தால ராவிச் சொருகினேன். ரெண்டு டிகிரி வச்சிருந்தா கூட இந்த சந்தோஷம் வராது.

சொருகறப்போதான் என் கலையுணர்ச்சி வேலை செஞ்சுது. கைப்பிடியை ரெண்டு விதமா மாட்டலாம், முனை பின்பக்கம் பார்த்து, இல்லேன்னா முன்பக்கம் பார்த்து. முன்பக்கம் வச்சா காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போற மாதிரி அழகா இருந்துச்சு. வச்சுட்டேன். கதவைச் சாத்தித் திறந்து பார்த்தேன். பத்து தடவையும் சரியா வேலை செஞ்சுது. டெஸ்ட் பாஸ்!

தாத்தா காபியோட வந்து, "ஏறு. மாட்டினவன்தான் அதுக்குப் பக்கத்துல முதல்ல உக்காரணும்"னார். ஏறி இடுப்பு பெல்ட்டைப் போட்டுக்கிட்டேன். தெருமுனையில இடப்பக்கம் திரும்பினார். வேகம் ஒண்ணும் பெரிசில்ல. உடம்பு வலப்பக்கமா சாய, பிடிமானத்துக்குக் கை தானா கைப்பிடி மேல போய் அழுத்துச்சு. கதவு 'படக்'னு திறந்துடுச்சு. காலுக்குப் பக்கத்துல தார் ரோடு ஓடுது! பெல்ட் மட்டும் இல்லேன்னா இந்தப் பதிவே இல்ல.

நிறுத்தின அப்புறம்தான் கணக்குப் புரிஞ்சுது. முனை பின்பக்கம் பார்த்திருந்தா, மேல தூக்கினாத்தான் திறக்கும். 180 டிகிரி திருப்பி வச்சா, அதே சுத்துக்கு முனை கீழ போகுது. சாயறவன் கை மேல தூக்காது, கீழதான் அழுத்தும். இப்ப வர்ற கார்கள்ல கைப்பிடி கதவுக்குள்ள பதுங்கி, நம்ம பக்கமா இழுத்தாத்தான் திறக்கற மாதிரி இருக்கறதோட அர்த்தம் அன்னிக்குத்தான் உறைச்சுது.

"தெரிஞ்சேதான் என்னை உக்கார வச்சீங்களா?"னு கேட்டேன்.

"தெரிஞ்சிருந்தா வண்டியையே எடுத்திருக்க மாட்டேன். யார் தப்பு பண்ணியிருக்காங்கன்னு தெரியாததாலதான் அந்த வழக்கமே"னார். திட்டல. ஆணியை என் கையாலயே கழட்டித் திருப்பி மாட்டச் சொன்னார். அப்புறம் சாதாரணமா, "நாளைக்கு அந்த சீட்ல என் பேத்தி வர்றா"ன்னார்.

பத்து வயசுப் பொண்ணு. மறுநாள் அவங்க கிளம்பறப்போ வாசல்ல நின்னேன். எல்லாரும் காரைப் பார்த்தாங்க. நான் அந்தக் கதவை மட்டும், தெருமுனை திரும்பற வரைக்கும் பார்த்துட்டிருந்தேன்.

திங்கக்கிழமை ஆபீசுல, "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது"ன்னு வழக்கமான வசனம் வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

பி.கு: மிச்ச ஆணித்துண்டை சாவிக்கொத்துல மாட்டி வச்சிருக்கேன். தங்கமணி கேட்டதுக்கு, "நான் உருப்படியா அடிச்ச ஒரே ஆணி"ன்னேன். "ரெண்டு தடவை அடிச்சீங்க"ன்னு பதில் வந்துச்சு. வர்ட்டா :-)