தேவகோட்டை லாரியும் போடிமெட்டு ஏற்றமும்

தேவகோட்டைக்காரர்களுக்கும் மலைக்கும் வெகு தூரம். ஊரைச் சுற்றி எந்தத் திசையில் பார்த்தாலும் வயலும் கண்மாயும் பனை மரமுந்தான். கிழக்கே தொண்டிக் கடற்கரை வரையில் பூமி தாம்பாளத்தைப் போல் பரந்து கிடக்கிறது. ஒரு தெருவில் தலைவாசலும் மறு தெருவில் புழக்கடையுமாக நீண்டு கிடக்கும் நகரத்தார் வீடுகளின் மொட்டை மாடிதான் இவ்வூரின் உன்னத சிகரம். அப்படிப்பட்ட ஊரிலே மலை ஏறுவதில் மகா நிபுணர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது நமக்கு ஆச்சரியமாய்த்தான் இருந்தது.

அவர் ஒரு லாரி டிரைவர். வயது அறுபதுக்கு மேல். அவருடைய லாரிக்கு வயது நாற்பது. 1954-ல் டாட்டா கம்பெனியார் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியாருடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கினார்கள் அல்லவா? 1969-ல் அந்தக் கூட்டு முடிந்த பிறகும் அதே வம்சத்து யந்திரங்கள் நம் சாலைகளில் வெகு காலம் ஓடின. நம் பெரியவரின் லாரியும் அந்த வம்சந்தான். ஆறு சிலிண்டர், சுமார் நூற்றுப் பத்துக் குதிரை சக்தி. மனைவியின் நகைகளை விற்று வாங்கிய வண்டி. அதைத் தம் சகோதரியின் மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்கவேண்டுமென்பது அவருடைய உத்தேசம். ஆனால் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது.

போடிமெட்டுக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்துக்கு, சக்கரம் வைத்த ஜெனரேட்டர் ஒன்றை லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகவேண்டும், லாரியிலும் பாரம். மருமகன் ஓட்டுவது, மாமா பக்கத்தில் உட்காருவது என்று ஏற்பாடு. நாமும் தொற்றிக்கொண்டோம்.

தொண்டிக் கடற்கரைக்கும் கொச்சிக்கும் இடையே ஓடும் தேசிய நெடுஞ்சாலைக்கு இன்று 85 என்று எண். சிவகங்கையில் அந்தச் சாலையைப் பிடித்தால் மதுரை, உசிலம்பட்டி, தேனி, போடிநாயக்கனூர் என்று நேரே மலையடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். வழி நெடுகிலும் மருமகன் வெகு உற்சாகமாக ஓட்டினான். சமவெளியில் லாரி ஓட்டுவது ஒரு வித்தையா என்ன? முந்தல் தாண்டியதும் அந்த உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் போடிமெட்டு, கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேல்.

முதல் ஏற்றத்திலேயே லாரி முனகத் தொடங்கிற்று. இருமல்காரனைப் போல் உடம்பு குலுங்கிற்று. பின்னால் கரும்புகை கிளம்பி ஜெனரேட்டரையே மறைத்துவிட்டது.

“மாப்பிள்ளே, கியரைக் குறை” என்றார் பெரியவர்.

“மூணாவதுலேயே இழுத்திடும் மாமா. ரெண்டாவதுல போட்டா எஞ்சின் கத்தும். டீஸலும் செலவு” என்றான் மருமகன்.

“கத்தினா எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. முனகினாத்தான் ஆபத்து” என்றார் பெரியவர்.

இந்த ஒரு வாக்கியத்தில் மலை ஏறும் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சற்று விளக்கிச் சொல்கிறோம்.

லாரியும் பாரமும் ஜெனரேட்டருமாகச் சேர்ந்து பதினைந்து டன் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம். அந்தப் பாரம் வண்டியைச் சுமார் 1,250 கிலோ கனத்தோடு பின்னுக்கு இழுக்கும். சாலையின் உராய்வு இன்னும் ஓர் இருநூறு கிலோ. இதை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மேலே கொண்டுபோக 54 குதிரை சக்தி வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 107 வேண்டும். நம் லாரியிடம் இருப்பதே நூற்றுப் பத்து. அதிலும் கியர்ப்பெட்டியும் அச்சும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுவிடும். போதாக்குறைக்கு, நாலாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத பழைய யந்திரத்துக்கு அந்த அளவுக்கு மூச்சும் குறையும். ஆகவே வேகத்துக்கு ஆசைப்படுவது வீண்.

அப்படியானால் யந்திரத்தை எவ்வளவு வேகமாகச் சுழல விடலாம்? இந்த வகைப் பழைய டீஸல் யந்திரங்களின் இழுவிசை நிமிஷத்துக்குச் சுமார் 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் உச்சத்தில் இருக்கும். 2,400 முதல் 2,800 சுற்றில் கவர்னர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவி டீஸலைக் குறைத்து, ‘போதும்’ என்று நிறுத்திவிடும். இழுவிசையின் உச்சத்துக்குக் கொஞ்சம் மேலே, கவர்னரின் எல்லைக்குச் சற்றுக் கீழே ஓட்டுவதுதான் உத்தமம். காரணம் சுவாரஸ்யமானது. அந்த நிலையில் ஏற்றம் கடுமையாகி வேகம் சற்றுக் குறைந்தால், இழுவிசை கூடுகிறது. யந்திரம் தானே சமாளித்துக்கொள்கிறது. உச்சத்துக்குக் கீழே விட்டுவிட்டாலோ, வேகம் குறையக் குறைய இழுவிசையும் குறைகிறது. வண்டி நிற்கும் வரையில் சறுக்கலுக்கு முடிவே இல்லை.

வேறொரு விஷயமும் உண்டு. ரேடியேட்டர் விசிறி, தண்ணீர்ப் பம்பு, எண்ணெய்ப் பம்பு எல்லாம் யந்திரத்தின் சுழற்சியில்தான் ஓடுகின்றன. பெரிய கியரில் முனகிக்கொண்டு போனால் அடுப்பு கொழுந்துவிட்டு எரியும்போது விசிறுகிறவன் தூங்குவது போல் ஆகிவிடும். பேரிங்குகளில் எண்ணெய்ப் படலம் மெலியும், தண்ணீர் கொதிக்கும். போடிமெட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். மருமகன் மிச்சம் பிடிக்க நினைத்த டீஸலும் எரியாத கரும்புகையாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவையும் பெரியவர் சுற்றுமானி பார்த்துச் சொல்லவில்லை. அந்த லாரியில் சுற்றுமானியே கிடையாது. அவருக்குக் காதுதான் கருவி. “மிதிச்சா சத்தம் ஏறணும். மிதிச்சும் சத்தம் ஏறாமப் புகை மட்டும் வந்தா, கியர் பெருசுன்னு அர்த்தம். காலைக் கடைசி வரைக்கும் அழுத்தாதே, கொஞ்சம் மிச்சம் வை” என்றார். கியர் மாற்றுவதானால் வளைவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பழைய கியர்ப்பெட்டிக்கு இரண்டு தரம் கிளட்ச் மிதிக்கவேண்டும். வளைவின் நடுவில் அதைச் செய்தால் பின்னால் கட்டிய பாரம் நம்மைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஒன்பதாவது வளைவில் எதிரே ஒரு ஜீப். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டுமென்பது சட்டம். ஜீப்காரருக்கு ஏதோ அவசரம். லாரி நின்றேவிட்டது. ஜெனரேட்டரின் கனத்தால் ஓர் அடி பின்னுக்கு நகர்ந்தது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். நமக்குக் குலதெய்வத்தின் பெயர் கூட ஞாபகம் வரவில்லை. அதற்குள் கிளீனர் பையன் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகிவிட்டான். தேர் இழுக்கிற ஊர்ப் பையன்! ‘முட்டுக்கட்டை போடுகிறவன்’ என்று நாம் யாரையாவது வைகிறோமே, அந்த வார்த்தையை அன்றோடு விட்டுவிட்டோம்.

மாமா வாயைத் திறக்கவில்லை. மருமகன் முதல் கியரைப் போட்டான். யந்திரத்தின் குரலை உயர்த்தி, அது ஒரே சீராக நின்ற பிறகு கிளட்சை மெல்ல விட்டான். லாரி கட்டையை விட்டு நகர்ந்தது. அப்புறம் உச்சி வரையில் முதல், இரண்டாவது கியர்கள்தான். யந்திரம் கத்திற்று, ஆனால் குலுங்கவில்லை. புகை வெளுத்தது. வெப்பமானியின் முள்ளும் நடுவிலேயே நின்றது.

மேலே சேர்ந்ததும் யந்திரத்தை உடனே நிறுத்தாமல் ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டார்கள். சூடான உலோகம் சீராகத் தணியவேண்டும் அல்லவா? சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். யந்திரத்தின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். ஜெனரேட்டரைத் தோட்டத்தில் ஒப்படைத்துவிட்டு, ஏலக்காய் மணக்கும் தேநீர் அருந்தினோம்.

இறங்குவது இன்னும் கடுமையான பரீட்சை. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும். டீஸல் மிச்சமென்று நியூட்ரலில் விட்டால் பிரேக்குகள் காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். அதே சமயம், சரிவு யந்திரத்தைத் தள்ளும்போது அளவுக்கு மீறிய சுழற்சியைக் கவர்னரால் தடுக்க முடியாது. அப்போது வால்வுகளுக்கே ஆபத்து. அங்கேதான் கத்தலுக்குப் பயப்படவேண்டும்.

மருமகன் இரண்டாவது கியரைப் போட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, நிதானமாக இறக்கினான். ஐந்தாவது வளைவில் ஏதோ கேட்கலாமென்று பெரியவர் பக்கம் திரும்பினோம். அவர் சாய்ந்து, வாயைச் சற்றே திறந்தபடி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.