கிக்கரே கியர் ஆகும் வண்டி



“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்” என்பார்கள். பழைய மோட்டார் சைக்கிளுக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. ஓடினால்தான் அதற்குப் பொன். ஓடாமல் நின்றுவிட்டால் காயலான் கடையில் கிலோக் கணக்குதான். இந்த இரண்டுக்கும் நடுவில், எங்கள் அப்புச்சியின் யெஸ்டி ரோட்கிங் இரண்டு வருடமாகக் கொட்டகையில் நின்றது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

யெஸ்டிக்கு முன்னால் அதன் பெயர் ஜாவா. 1929-ல் செக் நாட்டில் யானெசெக் என்பவர், வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் தயாரிப்பை விலைக்கு வாங்கினார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் அந்தக் கம்பெனியின் முதல் இரண்டு எழுத்தையும் ஆங்கிலத்தில் சேர்த்து வைத்த பெயர்தான் ஜாவா. அந்த நாட்டில் ‘யாவா’ என்றுதான் சொல்வார்களாம். நம் நாட்டில் மைசூரில் ஐடியல் ஜாவா என்ற கம்பெனி 1961-ல் இதைச் செய்ய ஆரம்பித்தது. 1970-களில் யெஸ்டி என்று பெயர் மாறியது. மைசூரிலிருந்து திம்பம் மலை இறங்கினால் எங்கள் சத்தி, கோபி. “அப்பல்லாம் வாரச் சந்தைக்குப் போனா பத்து யெஸ்டி நிக்கும் கண்ணு” என்பார் அப்புச்சி.

இந்த வண்டியில் ஒரு அதிசயம் உண்டு. கிக்கரும் கியரும் ஒன்றேதான்! இடது பக்கம் இருக்கும் கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் அது கிக்கர். உதைத்து ஸ்டார்ட் ஆனதும் பழையபடி மடக்கிவிட்டால் கியர். கியரை மிதித்தாலே கிளட்ச் தானாக விட்டுக்கொடுக்கும். சிலிண்டர் ஒன்றுதான், ஆனால் சைலன்சர் இரண்டு. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும்.

இவ்வளவு நல்ல வண்டி ஏன் அழிந்தது? 250 சிசி, டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் நன்றாகக் குடிக்கும். 1984-ல் நம் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி 100 சிசி வண்டி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் வந்தன. சின்ன எஞ்சின், நல்ல மைலேஜ். ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1996-ல் மைசூர் ஆலை மூடப்பட்டது. பிறகு பெரிய வண்டிகள் வரிசையாகக் காயலான் கடைக்குப் போயின.

ராஜ்தூத் 350-க்கும் இதே கதைதான். 1983-ல் ஃபரிதாபாத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். இரண்டு சிலிண்டர், ஆறு கியர். அன்றைக்கு மைலேஜ் இல்லை என்று ஒதுக்கினார்கள். இன்றைக்கு அதைச் சேகரிப்பவர்கள் ஊர் ஊராகத் தேடுகிறார்கள். என்ஃபீல்டு டீசல் என்று ஒரு மோட்டார் சைக்கிள் கூட இருந்தது. டீசலில் ஓடும் புல்லட்! யாருக்கும் வேண்டாமல் போனதுதான் பின்னால் அபூர்வப் பொருள் ஆகிறது. 2018-ல் ஜாவாவும் 2022-ல் யெஸ்டியும் அதே பெயரில் திரும்பி வந்தன. ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக், செல்ஃப் ஸ்டார்ட். பழையது பழையதுதான்.

அப்புச்சிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. கிக்கர் உதைக்க முடியவில்லை. மாமாவுக்கு ஸ்கூட்டர் போதும். எனக்கு இன்னும் லைசென்ஸ் வயது வரவில்லை. விற்றுவிடலாம் என்றார் மாமா. அம்மா கூடவே கூடாது என்றார். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அம்மாவை டேங்கின் மேல் புத்தகத்தை வைத்துக் கூட்டிப் போன வண்டி அது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகள் சேகரிப்பவர். அவர் எஞ்சினைப் பார்ப்பார் என்று நினைத்தேன். முதலில் ஆர்.சி. புக்கைத்தான் கேட்டார். பிறகு சேஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். நம்பர் அப்படியே காகிதத்தில் பதிந்தது! அது ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். அடுத்து துணி சுற்றிய ஒரு காந்தத்தை டேங்க் முழுக்க நகர்த்தினார். பட்டி பூசி அடைத்த இடமாக இருந்தால் காந்தம் ஒட்டாதாம். இரண்டு சைலன்சரும் கம்பெனியில் வந்தவைதானா, ஸ்பீடாமீட்டர் பழையதுதானா என்று பார்த்தார். “பெயிண்ட் எத்தனை தடவை வேணாலும் அடிக்கலாம் தம்பி. ஒரிஜினல்ங்கறது ஒரே தடவைதான்” என்று என்னிடம் சொன்னார்.

அதே வாரம் இன்னொருவரும் வந்தார். புதிதாக ஹோட்டல் கட்டுகிறாராம். வண்டியை வாசல் சுவரில் அழகுக்கு மாட்ட வேண்டுமாம். முதலில் வந்தவரை விடப் பத்தாயிரம் அதிகம் தருகிறேன் என்றார். மாமா அவருக்கே கொடுக்கலாம் என்றார். பத்தாயிரம் என்பது எங்கள் வீட்டில் சின்னக் காசு இல்லை. மாமா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அப்புச்சி ஹோட்டல்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: “செவுத்துல மாட்டறதுக்கு எஞ்சின் எதுக்குங்க? வெறும் டேங்க் போதுமுங்களே!” அப்புறம் கோயம்புத்தூர்காரருக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஓட்டுவீங்களா தம்பி?” வாரம் ஒரு தடவை ஒவ்வொரு வண்டியையும் வெளியே எடுப்பதாக அவர் சொன்னார். வண்டி அவருக்குப் போனது. மாமா இன்னும் அந்தப் பத்தாயிரத்தைச் சொல்லிக் காட்டுகிறார். அம்மா அன்றைக்குக் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

“நிக்கற வண்டி செத்த வண்டி கண்ணு” என்று அப்புச்சி சொன்னதன் அர்த்தத்தை எங்கள் ஊர் மெக்கானிக் தாத்தா விளக்கினார். சும்மா நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஆயில் சீல் இறுகி வெடிக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்த வழியாகக் காற்று புகுந்தால் சூடு ஏறி பிஸ்டன் பிடித்துவிடும். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவரிடம் வேலை கற்க ஒரு பையனும் இல்லை. வண்டி அபூர்வம் என்கிறோம், அதைச் சரிசெய்யும் கை அதைவிட அபூர்வம்! வண்டியோடு அவர் போன் நம்பரையும் அப்புச்சி எழுதிக் கொடுத்தார். வாங்கியவர் முதல் சர்வீசை அவரிடமே செய்து எடுத்துப் போனார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய வண்டி நின்றால் இதையெல்லாம் கவனியுங்கள். ஆர்.சி. புக்கைத் தொலைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் வண்டியின் மதிப்பே போய்விடும். கழற்றிய பாகங்களையும் டூல்ஸ் பையையும் எடைக்குப் போடாதீர்கள். விற்றால் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றிவிடச் சொல்லுங்கள். 50 வருடம் தாண்டி, உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு தரும் விதி 2021-ல் வந்திருக்கிறது. அந்த நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். எங்கள் யெஸ்டி 1984-ல் வாங்கியது. 2034-ல் அதற்கும் 50 வயது ஆகும்.

இப்போது சனிக்கிழமைகளில் மெக்கானிக் தாத்தா கடைக்குப் போகிறேன். பிளக்கைத் துடைக்கவும் பாயிண்ட் இடைவெளி பார்க்கவும் சொல்லித் தருகிறார். கூட யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள். கடையில் இன்னும் இரண்டு ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்