ஒரு வகை மரக்கலம்

சங்கப் பாடல்களுக்கு மாணவர் பதிப்புகளில் எழுதப்படும் அடிக்குறிப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு தொடர் பழகிப்போயிருக்கும்: ஒரு வகைப் பறவை, ஒரு வகை மீன், ஒரு வகைக் கொடி. அந்த வரிசையில் ‘ஒரு வகை மரக்கலம்’ என்பதும் ஒன்று. நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி, எது வந்தாலும் குறிப்பு இதுதான். தேர்வுக்கு இது போதும். தென்காசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அருவி தெரியும், குளம் தெரியும். கடல் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ பேருந்து ஏற வேண்டும். வகுப்பில் ‘கூம்பு’ என்ற சொல்லுக்குப் ‘பாய்மரம்’ என்று பொருள் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். பாய்மரம் எதன்மீது நிற்கிறது, அதை எது விழாமல் பிடித்துக்கொள்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரிலிருக்கும் தம்பி, அண்ணன் மகனுக்கென்று வாங்கி வந்த பெட்டி. ஸ்பெயின் நாட்டில் செய்யப்பட்டது. உள்ளே பிளைவுட் சட்டங்கள், குச்சி குச்சியாக மரப்பட்டைகள், நூற்கண்டுகள், பித்தளைத் துண்டுகள், ஒரு கத்தைப் படங்கள். அனைத்தையும் முறையாக ஒட்டினால் டார்வின் உலகம் சுற்றிய ‘பீகிள்’ கப்பல், அறுபதில் ஒரு பங்கு அளவில் கிடைக்கும். பையன் ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டான். மறுநாள் அப்பா திறந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். மரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லுவார். அம்மா இறந்தபின் ஏறத்தாழப் பேச்சை விட்டிருந்தார். கைநடுக்கம் வேறு வந்து சேர்ந்தது. காலையில் திண்ணை, மாலையில் திண்ணை. அன்று அவர் ஒரு பட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இது நம்ம ஊரு மரம் இல்லை” என்றார். பல வாரங்களில் அவர் தாமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

பெட்டிக்குள்ளிருந்த பட்டியல் அதை லைம் மரம் என்றது. பெயரைக் கேட்டு எலுமிச்சை என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவில் சாலையோரங்களில் நிற்கும் லிண்டன் என்னும் மரம் அது. இழை நுண்மையானது, கத்திக்கு இணங்குவது. மேலடுக்குக்குச் சப்பெல்லி என்னும் ஆப்பிரிக்க மரம். எங்களில் ஒருவர் தமிழ் படித்தவர், ஒருவர் மரம் படித்தவர். கப்பல் இருவருக்குமே அயல்.

பெட்டி வந்தது ஆடி மாதம். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வரும் காலம்; குற்றாலத்தில் சாரல், தென்காசியில் துணி காயாது. வழிகாட்டி நூலில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்பா பட்டைகளையெல்லாம் கட்டவிழ்த்துக் கூடத்தில் பரப்பச் சொன்னார்.

“மரம் ஊருக்குப் பழகட்டும், எய்யா. இப்ப ஒட்டினா சித்திரையில வாயைப் பொளந்திரும்.”

காரணத்தை அவரே விளக்கினார். மரம் ஈரத்தை உண்டால் அகலத்தில் பெருக்கும், நீளத்தில் ஏறக்குறைய மாறாது. சாரலில் உப்பிய பட்டைகளை நெருக்கி ஒட்டினால், கோடையில் அவை சுருங்கி இணைப்புக்கு இணைப்பு வெளிச்சம் தெரியும். ஆகவே சட்டங்களை மட்டும் ஒட்டி நிறுத்திவிட்டு மாசி வரை காத்திருந்தோம். வீட்டார் சிரித்தார்கள்.

பலகை வேய்தல்தான் இந்த வேலையின் உயிர். நடுவே முதுகெலும்பு போல ஒரு நீண்ட சட்டம். அதில் குறுக்கே விலா விலாவாகச் சட்டங்கள். அவற்றின்மீது 2 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைகளை முன்னிருந்து பின்னாக ஒட்டிச் செல்ல வேண்டும். கப்பலின் வயிறு அகலம், மூக்குக் குறுகல். வயிற்றில் பத்துப் பட்டை கிடக்கும் இடத்துக்கு மூக்கில் ஆறு பட்டைக்கே இடமிருக்கும். அதனால் ஒவ்வொரு பட்டையையும் நுனியில் இழைத்துக் குறுக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைத்து வளைக்க வேண்டும். வளைத்ததைக் கட்டிவைத்து உலர்த்த வேண்டும். ஒரு நாளைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் முதுகெலும்பு அந்தப் பக்கம் திருகிவிடும். அப்பாவின் கை நடுங்கியதால் கத்தி அவரிடம் இல்லை. அவர் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து இழை ஓடும் திசையைப் பார்ப்பார்; “இதை மாத்திப் போடு” என்பார். பங்குனி முடிவில் உடல் முழுவதும் மூடிற்று. நகத்தால் வருடினால் தடுக்கவில்லை.

இதற்கிடையில் எங்களுக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. ‘அந்தக் குறுக்குச் சட்டம்’, ‘அந்த நீளக் குச்சி’ என்று எத்தனை நாள் பேசுவது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை (1924–1936) எடுத்து வைத்துக்கொண்டோம். தேடத் தேட எல்லாம் இருந்தன. அடிமரம் ஏரா. விலாச்சட்டம் வங்கு. முன்பக்கம் அணியம். பாய் தொங்கும் குறுக்குக் கழி பருமல். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பது கலப்பத்து. போர்ச்சுக்கீசியர் வழி வந்த சொல் போலும். அகராதிச் சொற்கள் அகராதியோடு நின்றுவிட்டனவோ என்ற ஐயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் போனோம். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிக்கொண்டிருந்த தோணி ஒன்றைக் காட்டி அப்பா, “ஏரா என்ன மரம்?” என்று கேட்டார். அங்கே நின்ற முதிய மேஸ்திரி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரத்தின் பெயரைச் சொல்லாமல், “நீங்க எந்தத் துறை?” என்று திருப்பிக் கேட்டார். அந்தச் சொல் தெரிந்தவர் கடற்கரைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’யைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதன்று. ஆனால் நாவலில் படிக்கையில் சொல்லாக நின்ற வங்கு, விரல் இடுக்கில் பசையோடு ஒட்டிக்கொண்ட பிறகு வேறொன்றாகிவிடுகிறது.

புறநானூற்றின் முப்பதாம் பாடல் அப்படித்தான் திறந்தது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. பெருங்கலம் ஒன்று, மீப்பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் ஆற்றுமுகத்துக்குள் நுழைவதாக அதில் ஒரு செய்தி வருகிறது. துறையின் ஆழத்தைப் புகழ்ந்தது என்று உரை சொல்லும், சரிதான். எங்கள் பீகிளின் மேற்பாயைக் கட்டும்போதுதான் அந்தப் புகழ்ச்சியின் துணிவு புலப்பட்டது. மேலே உள்ள பாய்தான் உயரக் காற்றைப் பிடித்துக் கப்பலைத் தள்ளுவது. மணல்மேடு மறைந்திருக்கக்கூடிய முகத்துவாரத்தில் மாலுமி முதலில் வேகத்தைத்தான் குறைப்பான். கலம் நீரில் அமிழ்ந்திருக்கும் அளவைக் குறைக்கச் சரக்கைப் படகுகளில் இறக்குவான். இரண்டையும் செய்யாமல் ஒருவன் உள்ளே வருகிறான் என்றால், அந்தத் துறையை அவன் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்! புலவர் கடற்கரையில் நின்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ‘மீப்பாய்: மேலே உள்ள பாய்’ என்னும் குறிப்பில் இந்த நம்பிக்கை முழுவதும் மூழ்கிப்போகிறது.

கயிற்று வேலை அடுத்த சாரலில் நடந்தது. பாய்மரத்தை இருபுறமும் பிடித்து நிற்கும் கயிறுகளின் குறுக்கே, மாலுமி ஏறுவதற்கான ஏணிப்படி போல நூல் கட்ட வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. எங்கள் கணக்கில் எண்ணூற்றுச் சொச்சம். முடிச்சுப் போட்டது ஒருவர், எண்ணியது ஒருவர். பருத்தி நூல் ஈரம் பட்டால் நீளத்தில் சுருங்கும் என்பதை அப்போதுதான் கண்டோம். குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நாளில் கயிறுகள் விறைத்து நிற்கும்; வெயில் அடித்தால் தொய்யும். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்று ஊரார் கைப்பேசியில் பார்க்கும்போது அப்பா கயிற்றை ஒரு விரலால் தட்டிப் பார்த்து, “விழும்” என்பார். பெரும்பாலும் விழுந்தது.

வீட்டுக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்டது, “வ.உ.சி. கப்பலா சார்?” என்பதுதான். எங்கள் சீமையில் கப்பல் என்றால் அவர்தான். அதில் எங்களுக்கும் பெருமையே. சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது 1906இல். ‘காலியா’ தூத்துக்குடிக்கு வந்தது 1907இல். அது நீராவிக் கப்பல், இதற்கு உறவில்லை என்று விளக்கிவிட்டு, “காலியாவுக்கு இப்படி ஒரு பெட்டி இருக்கிறதா?” என்று அவர்கள் கேட்டால் விழித்தோம்.

உண்மையில் இதுதான் உறுத்தியது. பீகிள் 1820இல் நீரில் இறக்கப்பட்டு, 1870இல் உடைப்பதற்கு விற்கப்பட்ட கப்பல். அது மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளாகியும், அதன் வகைக் கப்பல்களின் வரைபடங்கள் இங்கிலாந்தில் காக்கப்பட்டிருப்பதால் தென்காசிக் கூடத்தில் அதை மீண்டும் எழுப்ப முடிகிறது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அதற்குச் சில ஒளிப்படங்கள் உண்டு. தூத்துக்குடித் தோணிக்கு அதுவும் குறைவு. மேஸ்திரியின் கண்ணும் முழக்கோலுமே அதன் வரைபடம். மேஸ்திரி போனால் வரைபடம் போயிற்று.

அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மொட்டைமாடியில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு தோணியின் பக்கவாட்டை வரைந்து வைத்திருந்தார்; கோடு நடுங்கியிருந்தது. மில்லுக்குத் தோணி மரம் தேடி வந்தவர்கள் சொன்ன அளவுகளை முழக்கணக்கில் ஓரத்தில் எழுதியிருந்தார். தூத்துக்குடிக்கு இன்னும் மூன்று முறை போய் அந்தக் கோட்டைத் திருத்தினோம். அந்த மேஸ்திரி இப்போது எங்களைத் துறை கேட்பதில்லை. டீ வாங்கித் தருகிறார்.

தோணிக்கு வங்கு வைக்க நேர்மரத்தை வளைப்பதில்லை. வளைந்தே வளர்ந்த மரத்தைத் தேடி எடுப்பார்கள், அப்போதுதான் இழை அறுபடாது. எனவே காற்றடித்த மறுநாள் காலைகளில் இலஞ்சி வழியாகக் குற்றாலம் வரை மெதுவாக நடக்கிறோம். சாலையோரத்தில் விழுந்து கிடக்கும் புளியஞ்சுள்ளிகளை அப்பா கைத்தடியால் புரட்டிப் பார்ப்பார். முழங்கை போல வளைந்தது கிடைத்தால் பையில் போட்டுக்கொள்வோம். இதுவரை இருபத்திரண்டு வங்குக்கு மரம் சேர்ந்திருக்கிறது. இன்னும் பதினான்கு வேண்டும்.