உடையுமா, உடையாதா?

2012 ஜூலை. அக்கா பையனுக்கு ஃப்ராங்ஃபர்ட்டில் வேலை கிடைத்திருந்தது. ‘மாமா, யூரோவே உடைஞ்சுடும்ங்கறாங்களே, போகட்டுமா?’ என்றான். பேப்பர் படித்த தெம்பில், ‘ஒரு வருஷம் தாங்காதுடா’ என்று ஜோசியம் சொன்னேன். அவன் போகவில்லை.

அதே மாதம் 26-ம் தேதி ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மாரியோ திராகி, யூரோவைக் காப்பாற்ற எதுவும் செய்வோம் என்று அறிவித்தார். பதற்றம் தணிந்தது. 2015-ல் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை 61 சதவிகித ஓட்டில் நிராகரித்த கிரீஸ்கூட யூரோவை விடவில்லை. பந்தயக்காரர்கள் ‘போகாது’ என்று கணித்த பிரிட்டன்தான் 2016-ல் ஓட்டெடுத்து, 2020-ல் ஒன்றியத்தை விட்டே போனது.

எங்கே தப்பு பண்ணினேன்? கூட்டுக் குடும்பத்தில் சண்டைச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு ‘வீடு ரெண்டாயிடும்’ என்போமில்லையா, அந்தத் தப்பு. தனிக்குடித்தனம் போக யாரிடம் தனி அடுப்பு இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். பிரிட்டனிடம் பவுண்டு இருந்தது. கிரீஸோ புதிதாக நோட்டு அச்சடிக்க வேண்டும். அதற்குள் ஜனங்கள் வங்கியிலிருக்கும் யூரோவை உருவிவிடுவார்கள்.

‘ஸ்வீடனுக்கும் சொந்த நாணயம் உண்டே, போகலையே?’ என்பீர்கள். நியாயம். அடுப்பு இருந்தால் போகலாம். போயே தீர வேண்டும் என்றில்லை. எந்த ஜோசியமும் இவ்வளவு தூரம்தான் வரும். அதை வைத்து அடுத்தவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடாது.

போன மாதம் அவன் தம்பிக்கு மியூனிக்கில் வேலை கிடைத்தது. விமானம் ஏறிய பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.