இரண்டு அலைகளுக்கு நடுவே

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் மெக்கானிக் அண்ணன் தேடியது ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலை. ஃப்ளோட் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, உள்ளே கிடந்த எண்ணெயை அதில் வடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மண்ணெண்ணெய் மேலே நிற்க, அடியில் தண்ணீர் உருண்டை உருண்டையாக ஓடியது. "பாரும், நோவு இங்க இருக்கு. எஞ்சினைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?" என்றார் படகுக்காரரிடம்.

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே, தகரக் கூரை போட்ட பட்டறை அது. மரச்சட்டத்தில் தொங்கியது பழைய யமஹா இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். மூடியின் வண்ணம் உப்பில் வெளிறிப் போயிருந்தது. கட்டுமரமும் பாயும் துடுப்புமாக இருந்த இந்தக் கரைக்கு 1980களில்தான் இத்தகைய எஞ்சின்கள் பரவலாக வந்தன. ஒரே தலைமுறைக்குள் ஊருக்கு ஊர் மெக்கானிக்குகள் உருவானார்கள். பெரும்பாலோர் கடலுக்குப் போன வீடுகளின் பிள்ளைகள். கையேட்டைப் படித்துக் கற்றவர்களைவிட, இன்னொருவர் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்றவர்களே அதிகம்.

இங்கே பல எஞ்சின்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது; கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பற்றாது. அதனால் சின்ன டேங்கில் இருக்கும் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன்பு மறுபடி பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். அப்போதுதான் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும், அடுத்த முறை எளிதில் கிளம்பும். வலை விட்டு எஞ்சினை அணைத்துக் காத்திருப்பவர் இதை மறந்தால், நடுக்கடலில் ஆறிப்போன மண்ணெண்ணெயோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

துறைமுகம் இல்லாத ஊர்களில் படகை மணலிலிருந்து நேரே அலைக்குள் தள்ளுகிறார்கள். ஆனி, ஆடியில் அலை ஓங்கி அடிக்கும். ஒரு பெரிய அலை உடைந்து அடுத்தது எழும்புவதற்குள் எஞ்சின் கிளம்பி, கொடுத்த வேகத்தை உடனே வாங்கி, படகின் மூக்கு நேராக இருக்கும்போதே கடந்துவிட வேண்டும். கைப்பிடியைத் திருகியதும் எஞ்சின் ஒரு கணம் திணறினால் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அலை புரட்டிப்போடும். ட்யூனிங் செய்யும்போது மெக்கானிக் அண்ணனின் மனதில் இருப்பது அந்த ஒரு கணம்தான். உச்ச வேகம் அவருக்கு இரண்டாம்பட்சம். இதைப் புரிந்துகொண்ட பிறகே அவர் கை ஏன் அவ்வளவு நிதானமாக வேலை செய்கிறது என்பது எனக்கு விளங்கியது.

கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டதும் சாமான்கள் ஒரு தட்டுக்குள் அடங்கிவிட்டன. கிண்ணத்தின் அடியில் உப்புநீர் அரித்த வெள்ளைப் பொருக்கு. எண்ணெயை அளந்து விடும் பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பு. ரப்பர் வளையங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பெட்ரோலில் ஊறப்போட்டார். ஜெட்டின் துளை அடைத்திருந்தது. கூட நின்ற பையன் மெல்லிய இரும்புக் கம்பியை நீட்ட, "லேய், அதக் கீழ வை" என்று ஓர் அதட்டல். பித்தளை மென்மையானது, கம்பி உரசினால் துளை அகன்றுவிடும், அகன்ற துளை அளவுக்கு மீறி எண்ணெய் விடும். வலையிலிருந்து வெட்டிய தங்கூசி நரம்பு ஒன்றை நுழைத்து, முன்னும் பின்னும் இழுத்து, வாயால் ஊதினார். மீன் பிடிக்கும் நரம்பே ஜெட்டையும் சுத்தம் செய்கிறது.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே எண்ணெய் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும், கேட்கவில்லை. அதோடு சேர்ந்த ஊசியின் முனையில் மட்டும் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்குத் தேய்மானம். அந்த முனை சரியாக அடைக்காவிட்டால் கிண்ணம் நிரம்பி வழியும். புது ஊசியைப் போட்டுக் கார்புரேட்டரைக் கவிழ்த்துப் பிடித்து, எண்ணெய் வரும் குழாயில் வாய் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. நிமிர்த்தி ஊதினார், போனது. அந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

கடைசியாக, எண்ணெய்-காற்றுக் கலவையைத் திருத்தும் பைலட் ஸ்க்ரூ. இரண்டு விரலால் திருகி, முனை தொட்டதும் நிறுத்தினார். அதற்கு மேல் அழுத்தினால் ஊசிமுனையும் அது உட்காரும் இடமும் கெடும், பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். அது தொடக்கம் மட்டுமே. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை இறக்கிக் கயிற்றை இழுத்ததும் கிளம்பிவிட்டது. என்றாலும் டிரம்மில் ஓடுவதை அவர் நம்புவதில்லை. படகில் மாட்டி, கியர் போட்டு, கடலின் எதிர்ப்பில் ஓடவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொட்டார். ஒரு பக்கம் திருப்ப எஞ்சின் தும்மியது: எண்ணெய் போதவில்லை. மறுபக்கம் திருப்பக் கனத்துப் புகைந்தது: எண்ணெய் மிகுதி. இரண்டுக்கும் நடுவில் சத்தம் சீராகும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து எண்ணெய் மிகும் பக்கமாகத் துளி நகர்த்தி விட்டார். பிறகு கைப்பிடியைச் சட்டென்று திருகித் திருகிப் பார்த்தார். ஒருமுறைகூடத் திணறவில்லை.

எரிபொருளில் தண்ணீர் சேர இன்னொரு வழியும் உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊதவும் வைக்கும். சின்ன டேங்கில் நாள்கணக்கில் கிடக்கும் பெட்ரோலில் ஈரம் ஏறக் கடற்கரைக் காற்றே போதும். எரிபொருளில் மாற்றம் வரும்போது இந்தப் பழைய எஞ்சின்களை நம்பிப் போகிறவர்களுக்கு யாராவது கரைக்கு வந்து விளக்கிச் சொல்ல வேண்டும். இப்போதைக்கு அந்த வேலையையும் இந்தப் பட்டறைகளே செய்கின்றன.

படகுக்காரருக்கு ஒரு கோரிக்கை இருந்தது. மண்ணெண்ணெய்ச் செலவு தாங்கவில்லை, மெயின் ஜெட்டைச் சின்ன எண்ணாகப் போட்டால் என்ன? நியாயமான கேள்வி, பிடிபட்டதில் எண்ணெய்க்குப் போனது போகத்தான் வீட்டுக்கு. அண்ணன் மறுத்தார். இரண்டு ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கான மசகு எண்ணெயும் எரிபொருளோடு கலந்தே வருகிறது. துளையைச் சுருக்கினால் அதுவும் குறையும்; சூடு ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். "அஞ்சு லிட்டர மிச்சம் பண்ணி எஞ்சினைக் கடல்ல விட்டுட்டு வரப் போறீரா?" என்றார். படகுக்காரர் பதில் சொல்லவில்லை.

கூலியை வாங்கிக்கொள்ளும்போது, அண்ணன் ஒன்றை மட்டும் வற்புறுத்தினார்: "நாளைக்குக் கரைக்கு வந்ததும் பிளக்கைக் கழத்தி, தொடைக்காம அப்படியே கொண்டு வாரும்." முனை வெளுத்திருந்தால் எண்ணெய் குறைவு, கரி பிடித்திருந்தால் மிகுதி. காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் ஸ்க்ரூ இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.