கடந்து போன ஐந்து நிமிடங்கள்

சுப்ஹுத் தொழுகைக்கு உளூச் செய்துகொண்டிருந்தபோது, என் வலக்கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முயன்றேன். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. "என்ன அத்தா?" என்று மகள் ஓடி வந்தாள். மறுமொழி மனத்தில் இருந்தும் நாக்குக் குழறியது. ஐந்து நிமிடங்கள் இருக்கலாம். பின்னர் எல்லாம் பழையபடி ஆகிவிட, அல்ஹம்துலில்லாஹ் என்று தொழுது முடித்தேன்.

அன்று செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எங்கள் நெல் ஏலத்துக்கு வரவேண்டிய நாள். "வாயுவாக இருக்கும்" என்று சொல்லிப் புறப்பட்டேன். கண்ணேறு என்றெண்ணிய என் மனைவி ஓதி ஊதினார். மகள் மட்டும் வழி மறித்தாள். "போய்விட்டது என்றால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா, அத்தா?"

உள்ளூர் மருத்துவர் இரத்த அழுத்தத்தைப் பார்த்ததும், முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அனுப்பினார். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயைச் சிறு இரத்தக்கட்டி ஒன்று சற்றுநேரம் அடைத்துப் பின் விலகியிருக்கிறது என்றார்கள் அங்கே. இதற்குத் தற்காலிகப் பக்கவாதம் என்று பெயர். முழுமையான பக்கவாதம் தாக்கும் அபாயம் அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகமாம். நானோ அந்த நேரத்தில் நெல் மூட்டைகளுக்கிடையே நின்றிருப்பேன்.

எல்லா மதமதப்பும் அஞ்சத்தக்கதன்று. அத்தஹிய்யாத்தில் நெடுநேரம் அமர்ந்தால் கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். எழுந்து நடந்தால் தீரும். நீரிழிவு உள்ளவர்க்குப் பாதங்கள் எரிவதும், இரவுதோறும் விரல்கள் மதமதப்பதும் மெல்ல வருபவை. அவற்றை நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் முகம் ஒருபுறம் கோணுதல், ஒருபக்கக் கையோ காலோ வலுவிழத்தல், பேச்சுக் குழறல், ஒரு கண்ணின் பார்வை மறைதல் ஆகியவை திடீரென வந்தால், சில நிமிடங்களில் மறைந்தாலும் 108-ஐ அழையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். இரத்தக்கசிவாக இருந்தால் அதுவே கேடாக முடியலாம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ள ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே. மருத்துவரை நாடுவது தவக்குலுக்கு முரணானதன்று.

அன்றைய ஏலம் நான் இல்லாமலே நடந்து முடிந்தது. இன்று இரத்த அழுத்தத்துக்கும் இரத்தம் உறையாமைக்கும் மாத்திரை உண்டுவருகிறேன். அதே செம்பில் உளூச் செய்கிறேன். அல்லாஹ் நம் அனைவருக்கும் நலத்தையும், வரும் அடையாளத்தை உணரும் அறிவையும் நல்குவானாக. ஆமீன்.