கடைசிப் பக்கங்கள் இல்லாத சித்திரப்பாவை

பெரியம்மா வீட்டில் இருந்த 'சித்திரப்பாவை'க்குக் கடைசிப் பக்கங்கள் கிடையாது. பதினைந்து இருபது பக்கமாவது போயிருக்கும். 2013 அக்டோபரில் மேலே அணையைத் திறந்துவிட்டு லெம்பா பெர்த்தாமுக்குள் வெள்ளம் வந்த இரவில் மெத்தை, அரிசி, என் எஸ்.பி.எம். புத்தகங்கள் எல்லாம் சேற்றோடு போயின. இந்த நாவல் மட்டும் தப்பித்தது, சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்ததால். ஏன் அங்கே வைத்திருந்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு வாசிக்கிற பழக்கம் பெரியம்மாவிடமிருந்து வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். ரிட்டயர் ஆனபிறகு கீழே ஒரு பூத்தோட்டத்தில் பூக் கட்டப் போகிறார். ராத்திரியில் ரமணிசந்திரன் படிப்பார். அந்த வகை நாவல்களின் வழி நமக்கெல்லாம் தெரியும். ஒரு தப்பான புரிதலில் பிரிந்த இருவர் பல வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள், முடிந்தால் ஒரு மலை பங்களாவில். "மலைக்கு வந்தா லவ் வருதாம். எனக்கு முட்டி வலிதான் வந்துச்சு" என்று சிரிப்பார். சினிமாவிலும் அப்படித்தானே, தேயிலைச் சரிவில் இருவர் பாடுவார்கள், கூடை சுமக்கிறவர்கள் தூரத்தில் புள்ளியாகத் தெரிவார்கள்.

ஆனால் அகிலனின் நாவலைப் பெரியம்மா அந்த வரிசையில் வைக்கமாட்டார். (அகிலன் நம் நாட்டுத் தோட்டங்களை வைத்து 'பால்மரக்காட்டினிலே' எழுதியவர். அது ரப்பர். தேயிலைக்கு அப்படி ஒன்றும் எழுதவில்லை என்பது பெரியம்மாவின் குறை.) ஆனந்த விகடனில் தொடராக வந்து 1968-இல் நூலான கதை. 1975-க்கான ஞானபீட விருது இதற்குத்தான், தமிழுக்கு அதுவே முதல் ஞானபீடம். ஓவியன் அண்ணாமலையும் ஆனந்தியும் விரும்புகிறார்கள். மாணிக்கம் ஆனந்தியை வலுக்கட்டாயமாக முத்தமிடுகிறான். அந்த ஒரு முத்தத்தால் தான் அவனுக்கு உரியவளாகிவிட்டதாக நம்பி அவனையே கட்டிக்கொள்கிறாள். இன்றைக்குப் படித்தால் கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் கடைசியில் அவனை விட்டு வெளியே வந்து அண்ணாமலையிடம் சேர்கிறாள்.

யூனிவர்சிட்டியில் ஹாஸ்டல் பையன்கள் '96' பார்த்துவிட்டு அழுதது 2018-இல். ராமும் ஜானுவும் இருபது வருடம் கழித்து ஓர் இரவு பேசுகிறார்கள், பிறகு அவள் சிங்கப்பூருக்குப் பிளேன் ஏறிவிடுகிறாள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு போன வாரப் பத்திரிகையில் ஆனந்தி தாண்டிய வாசலை ஜானு தாண்டவில்லை. நம் காலம்தான் பயந்த காலம் என்று நான் நண்பர்களிடம் ரொம்ப நாள் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்தில் ஒரு சாவு வீடு. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எண்பதுகளில் ஷிப்யார்டு வேலைக்குப் போனவராம், மனைவி இறந்து சில வருடம். பெரியம்மாவிடம் வந்து பத்து நிமிடம் பேசினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை, கீழே இருந்த செருப்புகளைப் பார்த்துப் பேசினார்கள். கிளம்பும்போது என்னிடம் பேர் சொன்னார். பழைய சித்திரப்பாவையின் முதல் பக்கத்தில் மங்கிய மையில் இருந்த பேர்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியப்பா போய் ஆறு வருடம் ஆகிறது, அவரும் தனியாள், இதில் என்ன தடை? சிவில் எஞ்சினியர் புத்தி, எதைப் பார்த்தாலும் பாலம் கட்டத் தோன்றும். மறுநாள் அவரிடம் நம்பர் வாங்கினேன். அடுத்த மாதம் கேஎல் போனபோது புது சித்திரப்பாவை ஒன்று வாங்கி, அட்டையின் உள்பக்கத்தில் அந்த நம்பரை எழுதி, பெரியம்மாவிடம் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாக நினைப்பு.

அவர் கடைசிப் பகுதியை மட்டும் படிப்பார் என்று நினைத்தேன். முதலிலிருந்து தொடங்கி நாலு ராத்திரி படித்தார்.

"நான் இத வேற மாதிரி முடிச்சு வச்சிருந்தேன்டா" என்றார். "ஆனந்தி அங்கயே இருந்துருவா. அண்ணாமல படம் வரைஞ்சுகிட்டே இருப்பான். அப்படித்தான முடியும்."

முப்பது வருடத்துக்கு மேலாக அவர் படித்தது அந்த நாவல்தான். முடிவு முதலிலேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒங்க பெரியப்பாவ விட்டுட்டுப் போயிருப்பேங்கிறியா? அவரு மாணிக்கம் இல்லடா."

பெரியப்பா லாரி ஓட்டினார். மழை நாளில் பெரியம்மா நனைந்து வருவதற்குள் வீட்டில் சுடுதண்ணீர் போட்டு வைத்திருப்பார். வாய் பேசாத மனிதர். அகிலன் மாணிக்கத்தை அவ்வளவு கெட்டவனாக்கியதால்தான் ஆனந்தியால் வெளியே வர முடிந்தது. '96' அந்தச் சிக்கலே வேண்டாமென்று ஜானுவின் கணவனைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டது. நல்லவனான ஒரு கணவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழைய காதலைப் பேசுகிற நாவலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தைரியம், பயம் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கில் சுடுதண்ணீருக்கு இடமில்லை.

"இப்ப பெரியப்பாதான் இல்லயே" என்றேன், அதற்கு மேலும் வாயை மூடாமல். அவர் எழுந்து போய் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இதை எழுதட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாத. வேற என்னமும் எழுதிக்க" என்றார்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் இப்போது இரண்டு புத்தகங்கள். புதியதை எடுத்து, உள்ளே நம்பர் இருக்கிறதா, பக்கத்தைக் கிழித்துவிட்டாரா என்று பார்க்கலாமா என ஒரு நிமிடம் நின்றேன்.

"அங்க என்னடா நிக்கிற, முறுக்கு எடுத்துக்க" என்றார் அடுப்படியிலிருந்து.